ஏழு லிட்டர் இன்ஜின், இருபது மைல் வேகம்: அந்தக் காலத்துச் சொகுசுக் கார்களில் அப்படி என்ன இருந்தது?

ஊர்சுற்றி:

வணக்கம் நண்பர்களே. இந்தப் பகுதியில் பழைய கார் என்றாலே அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். இன்னும் பின்னால் போய், முதல் உலகப் போருக்கு முந்தைய கார்களைப் பற்றி ஓர் இழை தொடங்கலாம் என்று பார்க்கிறேன். எனக்கு இருக்கும் சந்தேகம் இதுதான்.

பிரிட்டனில் 1903 சட்டப்படி எந்தக் காரும் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது. 1930 வரை அதுதான் விதி. அப்படிப்பட்ட ஊரில் 1906 கடைசியில் ரோல்ஸ் ராய்ஸ் 40/50 என்ற காரைக் கண்காட்சியில் வைக்கிறார்கள். ஆறு சிலிண்டர், ஏழு லிட்டர். பிற்பாடு எல்லோரும் சில்வர் கோஸ்ட் என்று அழைத்தது இதைத்தான். விலை 985 பவுண்டு, அதுவும் வெறும் சேசிஸுக்கு. பாடி கட்டுவது தனிச் செலவு. கைதேர்ந்த தொழிலாளிக்கே வருஷத்துக்கு நூறு பவுண்டு கிடைத்தால் பெரிது என்ற காலம் அது.

சாலையெல்லாம் புழுதி. பெட்ரோல் பங்க் கிடையாது, தகர டின்னில் வாங்கி ஊற்ற வேண்டும். டயர் நினைத்த இடத்தில் வெடிக்கும். ஸ்டார்ட் செய்ய முன்னால் போய் ஹேண்டில் போட வேண்டும். சட்டப்படி வேகமாகவும் போக முடியாது. பிறகு எதற்கு இவ்வளவு காசைக் கொட்டினார்கள்? வெறும் பந்தாதானா?

கணக்குப்பிள்ளை:

பந்தாதான், வேறென்ன. இதற்கு ஓர் இழையே தேவையில்லை.

கல்கத்தாவில் 1910-ல் ஓடிய அன்னக் காரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். ராபர்ட் மேத்யூசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தில் லோவெஸ்டாஃப்ட் ஊரிலிருந்த புரூக் கம்பெனியில் சொல்லிச் செய்த வண்டி. முன்பக்கம் முழுக்க அன்னப்பறவையின் கழுத்தும் தலையும். அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சி அடித்துக் கூட்டத்தை விலக்கும். பின்பக்கம் சுண்ணாம்புக் குழம்பைச் சாலையில் போட்டுக்கொண்டே போகும், பறவை எச்சம் மாதிரி! அது ஊருக்குள் வந்து கலாட்டாவாகி, போலீஸ் தடை போட்டது. பிறகு நாபா மகாராஜா வாங்கினார். இன்று நெதர்லாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஹைதராபாத் நிஜாமின் சிம்மாசனக் கார் இன்னொன்று. 1911-ல் ஆர்டர் கொடுத்த ஆறாம் நிஜாம் அந்த ஆண்டே காலமாகிவிட்டார். வண்டி வந்தபோது மகன் பட்டத்தில் இருந்தார். மஞ்சள் நிறத்தில் பார்க்கர் கம்பெனி கட்டிய பாடி, நடுவில் சிம்மாசனம் மாதிரி உயர்ந்த இருக்கை. அந்த வண்டி ஓடிய தூரம் மிகக் குறைவு. ஓடவே ஓடாத காரில் என்ன தொழில்நுட்பத்தைத் தேடப் போகிறீர்கள்?

டபுள்கிளட்ச்:

கணக்குப்பிள்ளை சார், ராஜாக்கள் கதை வேறு, மற்றவர்கள் கதை வேறு. அந்த வண்டிகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில், பிரான்சில், அமெரிக்காவில் இருந்த ஆலை முதலாளிகள், வக்கீல்கள், நிலப்பிரபுக்கள். அவர்கள் காரில் தினமும் போய் வந்தவர்கள்.

ஊர்சுற்றி தம்பி, 20 மைல் வேகத்துக்கு ஏழு லிட்டர் எதற்கு என்று கேட்டீர்கள். பஸ்ஸில் ஸ்டியரிங் பிடித்துப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஓட்டிய பழைய வண்டிகளில் சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) கிடையாது. கியரை இறக்க வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடியும் கிளட்சை மிதித்துப் போட வேண்டும். நேரம் ஒரு துளி தப்பினாலும் கியர்பாக்ஸ் "கர்ர்ர்" என்று கத்தி பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் டிரைவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அவமானம் பட்டவனுக்குத்தான் தெரியும்.

காரில் சிங்க்ரோமெஷ் வந்ததே 1928-ல், அமெரிக்கக் காரான காடிலாக்கில். அதற்கு முந்தைய கார் எல்லாவற்றிலும் இந்த வித்தையைக் கற்றே ஆக வேண்டும். சின்ன இன்ஜின் வைத்த காரில் ஒரு மேடு வந்தால் கியரை இறக்கணும், மாட்டுவண்டி குறுக்கே வந்தால் இறக்கணும், திருப்பத்தில் இறக்கணும், ஒவ்வொரு தடவையும் ஏற்றணும். பின்சீட்டில் இருப்பவருக்கு உலுக்கலும் கத்தலும்தான் மிச்சம்.

ஏழு லிட்டர் இன்ஜினில் அந்தத் தொல்லை இல்லை. ஆள் நடக்கும் வேகத்திலும் டாப் கியரிலேயே ஊர்ந்து போகும். மேடு வந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான், ஏறிவிடும். 40/50-ன் உண்மையான கவர்ச்சி அதுதான் என்பது என் கணக்கு. மெதுவாகப் போவதற்காகத்தான் பெரிய இன்ஜின்.

இதற்குச் சாட்சியாக ஒரு பந்தயமே உண்டு. 1911-ல் நேப்பியர் கம்பெனிக்கும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் போட்டி. லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்ப வேண்டும், முழுக்க டாப் கியரில் மட்டும். ஏறத்தாழ 800 மைல். ரோல்ஸ் ராய்ஸை ஓட்டியவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ். ஒரு கேலன் பெட்ரோலுக்கு 24.32 மைல் கொடுத்தது. அதே காரைக் கியர் விகிதம்கூட மாற்றாமல் புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதையில் விட்டபோது மணிக்கு 78 மைலைத் தாண்டியது. அந்தக் காலத்துப் பணக்காரர் விளம்பரத்தில் தேடிப் படித்தது இந்த மாதிரி விஷயத்தைத்தான், "டாப் கியரில் எந்த மேட்டை ஏறும்" என்று.

கரூர்க்காரன்:

டபுள்கிளட்ச் அண்ணன் இன்ஜினைப் பிடித்துவிட்டார், நான் பாடி பக்கம் போகிறேன். எங்கள் ஊர்த் தொழில் அதுதானே.

"சேசிஸ் மட்டும் 985 பவுண்டா, பாடி இல்லாமல் எப்படிக் கார் விற்பார்கள்?" என்று புதிதாகப் படிப்பவர்கள் குழம்பலாம். பஸ் முதலாளி லேலண்டிலோ டாடாவிலோ சேசிஸை எடுத்து, மரப்பெட்டியில் உட்கார்ந்து ஓட்டும் டிரைவரை வைத்துக் கரூருக்குக் கொண்டுவந்து பாடி கட்டுவார் இல்லையா? அதே ஏற்பாடுதான். ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலையிலிருந்து இன்ஜினும் சக்கரமும் ரேடியேட்டரும் உள்ள எலும்புக்கூடுதான் வெளியே வரும். வாங்குகிறவர் அதைப் பார்க்கர், ஹூப்பர் மாதிரி பட்டறைக்கு அனுப்புவார். இவர்கள் எல்லாம் கார் வருவதற்கு நூறு வருஷம் முன்பிருந்தே குதிரைவண்டி கட்டியவர்கள். பார்க்கர் தொடங்கியது 1710-ல்.

அதனால் அந்தக் குடும்பங்களுக்குக் கார் புதிது, பாடி கட்டுகிறவர் புதிதல்ல. தாத்தாவுக்குச் சாரட்டுக் கட்டிய அதே பட்டறையில் பேரனுக்குக் கார். குடும்பத்தின் வண்ணம் எது, கதவில் எந்தச் சின்னம், மெத்தைக்கு எந்தத் துணி என்பதெல்லாம் அவர்கள் பேரேட்டில் ஏற்கெனவே இருக்கும். கூரையின் உயரத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் உள்ளே தொப்பியைக் கழற்றாமல் உட்கார வேண்டும் என்றுதான் அந்த உயரம். பெயின்ட் கதை தனிக் கதை. பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, மேலே வார்னிஷ் அடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் ஸ்பிரே செய்கிற நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட் வந்த பிறகுதான் அது நாள்கணக்குக்கு இறங்கியது.

வசதியானவர்கள் ஒரே சேசிஸுக்கு இரண்டு பாடி வைத்திருந்தார்கள், கோடைக்குத் திறந்தது, குளிருக்கு மூடியது. பருவம் மாறினால் கழற்றி மாட்டுவார்கள்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அந்தக் காலத்து லிமோசின் படங்களைப் பாருங்கள். பின்னால் முதலாளி கண்ணாடி அறைக்குள் இருப்பார். முன்னால் டிரைவருக்குக் கதவு இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை, பல வண்டிகளில் கூரைகூட இல்லை. இங்கிலாந்து மழையில் நனைந்துகொண்டே ஓட்டுவார். முதலாளி பேச ஒரு குழாய் இருக்கும், அதில் ஊதி உத்தரவு கொடுப்பார். குதிரைவண்டிக்காரன் வெளியேதானே உட்கார்ந்தான், இவனும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:

பாருங்கள், நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள். சின்னம் வரைந்த கதவு, தொப்பிக்கு உயரம், டிரைவருக்கு மழை. இதற்குப் பெயர் பந்தா இல்லையா?

ஸ்பேனர்:

பந்தாவும் இருந்தது, யார் இல்லை என்றார்கள். ஆனால் பந்தாவுக்கு மட்டும் என்றால் ஒரு நல்ல நாலு குதிரைச் சாரட்டு போதும். அது வழியில் நிற்காது.

அந்தக் காலக் காரின் பெரிய வியாதியே வழியில் நிற்பது. கார் எப்போது நிற்கும், யார் முன்னால் நிற்கும் என்று தெரியாது. ஊர்ப் பெரிய மனிதர் புழுதியில் நின்றுகொண்டிருக்க, அவருடைய வண்டியைப் பக்கத்து வயல்காரர் குதிரை பூட்டி இழுத்துப்போவார். அதைவிடக் கௌரவக் குறைச்சல் வேறு இல்லை. எனவே "இது நிற்காது" என்று எவன் நிரூபிக்கிறானோ அவன் கேட்ட விலை கிடைத்தது.

சுவாரசியம் என்னவென்றால், இந்தக் கார்களை உருவாக்கியவர்கள் பலர் வேறொருவர் காரை வாங்கிச் சலித்துப்போனவர்கள். மான்செஸ்டரில் மின்சாரக் கிரேனும் டைனமோவும் செய்துகொண்டிருந்த ஹென்ரி ராய்ஸ் 'டெக்காவில்' என்ற பிரெஞ்சு கம்பெனியின் பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் குறைகளைப் பொறுக்காமல் தானே கார் செய்ய உட்கார்ந்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் வார்ட் பேக்கார்டு வின்டன் கார் வாங்கிக் குறை சொல்லப் போய், அதுவே பேக்கார்டு கம்பெனி ஆனது. நீஸ் நகரத்தில் எமில் யெல்லினெக் இருந்தார், வியாபாரி, பணக்காரர்களுக்கு டைம்லர் கார் விற்பவர். 1900 மார்ச்சில் லா டுர்பி மலைப் பந்தயத்தில் டைம்லர் கார் மோதி ஓட்டுநர் இறந்துபோனார். உயரமான, முன்பாரம் கூடிய வண்டி. தாழ்வான, நீளமான, கனம் குறைந்த கார் வேண்டும் என்று யெல்லினெக் பிடிவாதம் பிடித்தார். 36 கார் எடுத்துக்கொள்கிறேன், என் மகள் பெயரை வையுங்கள் என்றார். வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்தார். அதுதான் 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ். தேன்கூடு ரேடியேட்டர், அழுத்தி வளைத்த எஃகுச் சட்டம், தாழ்ந்த எடைமையம். 1901 மார்ச்சில் நீஸ் பந்தய வாரத்தில் மற்றவர்களைத் திணறடித்தது. கார் பார்ப்பதற்குக் குதிரை இல்லாத வண்டி மாதிரி இல்லாமல் கார் மாதிரியே இருந்தது அதிலிருந்துதான்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். ஆறு சிலிண்டர் இன்ஜினை வெற்றிகரமாக விற்கத் தொடங்கியது நேப்பியர். ஆனால் நீளமான கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முறுக்கி அதிரும், வண்டி முழுக்க நடுங்கும். நேப்பியரின் விற்பனையாளர் எஸ். எஃப். எட்ஜ் மகா கெட்டிக்காரர். அதை "சக்தியின் கடகடப்பு" என்று பெயரிட்டு ஒரு சிறப்பம்சமாகவே விற்றார்! (இந்த வித்தையை இன்றும் பார்க்கிறோம்.) ராய்ஸ் அதை மூடி மறைக்கவில்லை. சிலிண்டர்களை மூன்று மூன்றாக இரண்டு கட்டைகளில் வைத்து, தடிமனான கிராங்கை ஏழு பேரிங்கில் உட்காரவைத்து, எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினார். இன்ஜின் ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அடங்கியது.

பிறகு 1907 சோதனை. வெள்ளி நிறம் பூசிய, ஏஎக்ஸ் 201 எண் கொண்ட கார். ஆட்டோமொபைல் கிளப் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவும் பகலும் 27 தடவை. ஞாயிறு மட்டும் ஓய்வு. மொத்தம் 15,000 மைல். 629-வது மைலில் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானே மூடிக்கொண்டு ஒருமுறை நின்றது. அதற்கப்புறம் 14,371 மைல், ஒரு தடவைகூடத் தானாக நிற்கவில்லை. முடிந்ததும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார்கள். புதுசாக்குவதற்கு மாற்ற வேண்டிய உதிரிபாகங்களின் விலை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ்.

காரை வாங்கியவர் கண்ணுக்கு அந்த ரசீது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் கணக்குப்பிள்ளை சார். நீங்களும் கணக்குப் பார்ப்பவர்தானே.

கணக்குப்பிள்ளை:

நன்றாகவே பார்த்தேன். அந்தக் காருக்கு வெள்ளி நிறம் யார் பூசச் சொன்னது? விளக்குக்கும் கைப்பிடிக்கும் வெள்ளி முலாம் யார் போட்டது? கிளாட் ஜான்சன், கம்பெனியின் நிர்வாகி. அதற்கு முன் ஆட்டோமொபைல் கிளப்பின் முதல் செயலாளராக இருந்தவர். 1900-ல் ஆயிரம் மைல் ஓட்டத்தை நடத்தியவர். சோதனை எப்படி நடக்கும், பத்திரிகைக்காரன் எதை எழுதுவான் என்பது அவருக்கு அத்துப்படி. காருக்குப் பேர் வைத்ததும் அவர்தான். ராய்ஸ் செய்தது இன்ஜின், ஜான்சன் செய்தது கவர்ச்சி.

அமெரிக்காவில் 1915 ஜனவரியில் காடிலாக் ஒரு விளம்பரம் கொடுத்தது. அதற்கு முன்புதான் எட்டு சிலிண்டர் வைத்த புது வி-8 இன்ஜின் விட்டிருந்தார்கள், அதில் கோளாறு வந்து பேக்கார்டு தரப்பு கிண்டல் செய்துகொண்டிருந்தது. விளம்பரத்தில் காரின் படம் இல்லை. இன்ஜின், விலை, குதிரைத்திறன் எதுவும் இல்லை. முன்னணியில் இருப்பவனைத்தான் எல்லோரும் தாக்குவார்கள் என்று ஒரு பக்கத்துக்குக் கட்டுரை. அவ்வளவுதான்! தியோடர் மக்மேனஸ் எழுதியது. இன்றுவரை விளம்பரத்துறையில் அதைப் பாடமாகச் சொல்கிறார்கள். கோளாறான இன்ஜினையே கௌரவமாக்க முடியும் என்றால் கவர்ச்சி எங்கே இருக்கிறது, வால்விலா, வார்த்தையிலா?

தேன்மொழி:

ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். ஹேண்டில்.

அந்தச் சொகுசுக் கார்களின் சொகுசு முழுக்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள் இருப்பதை நம்பித்தான். ஹேண்டில் போடுவது, விளக்குக்கு அசிட்டிலீன் வாயு தயார் செய்வது, டயர் மாற்றுவது, எண்ணெய் விடுவது எல்லாம் அவர் வேலை. அவர் இல்லையென்றால் ஆயிரம் பவுண்டு வண்டி வெறும் இரும்பு. வீட்டுப் பெண்மணி தனியாகக் கடைவீதிக்குப் போக நினைத்தால் அந்த வண்டியால் பிரயோசனமில்லை.

அந்த இடத்தில்தான் மின்சாரக் கார்கள் நன்றாக விற்றன. டெட்ராய்ட் எலக்ட்ரிக், பேக்கர் என்று பல. மெத்தை, வளைந்த கண்ணாடி, பூச்சாடி, ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதில் ஒரு நீண்ட கைப்பிடி. சத்தம், புகை, ஹேண்டில் எதுவும் இல்லை. ஊருக்கே மாடல் டி விற்ற ஹென்ரி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது 1914 டெட்ராய்ட் எலக்ட்ரிக். வீட்டில் உலகத்திலேயே அதிகமாக விற்கும் கார் இருக்க, அவர் தேர்ந்தெடுத்தது இதை.

இந்த நிலையை மாற்றியது அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் இருந்த சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கும் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் செய்தவர். கல்லாப் பெட்டிக்குத் தேவை ஒரு கணம் மட்டும் பெரிய விசை. கார் இன்ஜினை எழுப்பவும் அதேதான் தேவை, நாள் முழுக்க ஓடும் மோட்டார் வேண்டாம். 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் சேர்ந்து வந்தன.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். உலகத்தின் சிறந்த கார் என்று பேர் வாங்கிய சில்வர் கோஸ்டில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது 1919-ல். ஏழு வருஷம் கழித்து! ராய்ஸுக்குச் செய்யத் தெரியாதா, அவர் மின்பொறியாளர். வாங்கியவருக்கு அவசரம் இல்லை, ஹேண்டில் போட்டது அவர் கை இல்லையே.

டபுள்கிளட்ச்:

தேன்மொழி சொன்னது நூற்றுக்கு நூறு. ஹேண்டில் பற்றி ஒரு வார்த்தை. கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த மறந்துவிட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு உடையும். பழைய மெக்கானிக்குகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். ஏழு லிட்டர் இன்ஜின் உதைத்தால் எப்படி இருந்திருக்கும்!

ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி டிரைவர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி நடத்தியதும் இதனால்தான். வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கத்துக்குட்டி கையில் கொடுத்தால் பேர் கெட்டுவிடும்.

வடகரை:

இந்தியாவைத் தொட்டதால் சொல்கிறேன். லண்டன் ஷோரூமில் அவமானப்பட்ட மகாராஜா ரோல்ஸ் ராய்ஸ்களை வாங்கிக் குப்பை அள்ள விட்டார் என்ற கதையை யாராவது இங்கே கொண்டுவருவதற்குள் முந்திக்கொள்கிறேன். அந்தக் கதை ஆல்வார் ராஜா பேரில் ஓடுகிறது, பரத்பூர் பேரில் ஓடுகிறது, பாட்டியாலா பேரில் ஓடுகிறது, நிஜாம் பேரிலும் ஓடுகிறது. ஆள் மாறுகிறது, வசனம் மாறவில்லை. கூடவே சுற்றும் படத்தில் முன்சக்கரத்தின் பக்கம் துடைப்பம் கட்டியிருக்கும். சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் ஆணியைத் தள்ளக் கட்டியதாகவும் இருக்கலாமே. வாட்ஸப்பில் அனுப்பும் முன் யோசியுங்கள்.

உண்மையில் இங்கே அந்தக் கார் பேர் வாங்கியது மலைப்பாதையில். 1908-ல் பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரை நடந்த சோதனை ஓட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களை ஏறி இறங்கியது "கிழக்கின் முத்து" என்று பேர் வைத்த ஒரு 40/50. ஓட்டம் முடிந்ததும் குவாலியர் மகாராஜா அந்தக் காரை வாங்கினார். ஆக ராஜாக்களிலும் சோதனையைப் பார்த்து வாங்கியவர்கள் இருந்தார்கள்.

கரூர்க்காரருக்கு ஒரு செய்தி. பாடி கட்டும் தொழில் சென்னைக்கும் புதிதல்ல. சிம்ப்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியதே குதிரைவண்டி கட்டத்தான். 1903-ல் அங்கிருந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரே செய்து ஓட்டினார்.

ஊர்சுற்றி:

இழை நான் நினைத்ததைவிட நன்றாகப் போகிறது. டபுள்கிளட்ச் ஐயாவிடம் ஒரு கேள்வி. டாப் கியர் மோகம் எங்கேயாவது காலை வாரியதா? எல்லா மேட்டையும் டாப்பிலேயே ஏற முடியாதே.

டபுள்கிளட்ச்:

வாரியது தம்பி, நன்றாகவே வாரியது. சில்வர் கோஸ்டில் முதலில் நாலு கியர் இருந்தது. 1909-ல் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். எப்படியும் டாப்பிலேயே போகிற வண்டிக்கு மூன்று போதுமே! 1912-ல் ஜேம்ஸ் ராட்லி என்பவர் தன் சொந்தக் காரை ஆல்ப்ஸ் மலைப் போட்டிக்குக் கொண்டுபோனார். ஆஸ்திரியாவில் காட்ஷ்பெர்க் கணவாயில் வண்டி நின்றுவிட்டது. முதல் கியரே அந்தச் சரிவுக்குப் போதவில்லை. கம்பெனிக்குப் பெரிய தலைகுனிவு. அடுத்த வருஷம் நாலு கியர் போட்ட கார்களோடு கம்பெனியே இறங்கி, அதே மலைகளில் எல்லோரையும் ஓரம்கட்டியது.

போர் வந்ததும் அந்தச் சேசிஸின் மேல் எஃகுத் தகடு போர்த்தி, துப்பாக்கிக் கோபுரம் வைத்துக் கவச வண்டி ஆக்கினார்கள். அரேபியப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் நம்பியது அவற்றைத்தான். அங்கே தொப்பிக்கு உயரமும் இல்லை, கதவில் சின்னமும் இல்லை. கணக்குப்பிள்ளை சாருக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

ஸ்பேனர்:

காடிலாக்கை வெறும் விளம்பரம் என்று விட்டுவிட வேண்டாம் என்பதற்காக ஒன்று. 1908-ல் அவர்களுடைய கார்கள் மூன்றை புரூக்லாண்ட்ஸில் முழுக்கக் கழற்றி, உதிரிபாகங்களை ஒன்றாகக் கலந்து போட்டு, சாதாரணக் கருவிகளால் மறுபடி மூன்று காராகப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்தும் வேலையே இல்லை. அதற்கு பிரிட்டனின் ஆட்டோமொபைல் கிளப் கொடுக்கும் டீவார் கோப்பை கிடைத்தது. காடிலாக்கை நிறுவிய ஹென்ரி லேலண்டின் துல்லியம் அது (பஸ் செய்யும் லேலண்ட் வேறு). ராய்ஸின் துல்லியம் தேர்ந்த ஃபிட்டரின் கையில் இருந்தது, லேலண்டின் துல்லியம் அளவுகோலில் இருந்தது.

சத்தமில்லாமை, ஸ்டார்ட்டர், நம்பகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணக் காருக்கும் இறங்கியது இந்த இரண்டாவது வழியில்தான். ஃபோர்டு மாடல் டி 1908-ல் 850 டாலர். 1925-ல் மலிவான பாடியோடு 260 டாலர். பாதி உலகத்திடம் நிற்காத கார் வந்த பிறகு, நிற்காத கார் என்று சொல்லி யாரிடமும் கூடுதல் காசு வாங்க முடியாது. 1920-களில் இஸோட்டா ஃபிராஸ்கினி, ஹிஸ்பானோ சுய்சா, டூசன்பெர்க் எல்லாம் அழகையும் வேகத்தையும் காட்டி விற்றதற்குக் காரணம் அதுதான். என் ரசனையைக் கேட்டால் அந்த வரிசையில் 1919 ஹிஸ்பானோ எச்-6 தான் முதலிடம். வண்டி ஓடும் வேகத்தையே பிரேக்குக்கு உதவியாக எடுத்துக்கொண்ட ஏற்பாடு அதில் இருந்தது. அந்த ஏற்பாட்டுக்கான உரிமத்தை ரோல்ஸ் ராய்ஸே வாங்கியது.

பச்சைத்தண்ணி:

டூசன்பெர்க் எத்தனை குதிரைத்திறன்? புகாட்டி ராயல் பற்றியும் எழுதுங்களேன்.

ஸ்பேனர்:

மாடல் ஜே, 1928, கம்பெனி சொன்ன கணக்கு 265. ராயல் மொத்தம் ஏழு செய்தார்கள், 12.7 லிட்டர், வாங்க ஆள் கிடைத்தது மூன்றுக்கு. மற்றதைத் தனி இழையில் பேசலாம், இங்கே கொண்டுவந்தால் போர்க்காலத்துக்கு முந்தைய விஷயம் அமுங்கிவிடும்.

கணக்குப்பிள்ளை:

கவச வண்டியை ஏற்றுக்கொள்கிறேன், இன்ஜின் நல்ல இன்ஜின். ஆனால் வாங்கியவன் மனசு இன்ஜினில் இல்லை என்பதிலிருந்து நான் நகர மாட்டேன். அதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறேன்.

1906-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த உட்ரோ வில்சன், நாட்டில் சோஷலிச உணர்வைப் பரப்புவதில் காரை மிஞ்ச எதுவும் இல்லை என்று பேசினார். பணக்காரத் திமிரின் படம் மாதிரி அது ஏழைகள் கண்முன் போகிறது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு கோழியையும் குதிரையையும் மிரட்டிக்கொண்டு போகிற வண்டியை எந்தக் கிராமத்தான் வாழ்த்துவான்? அதே வில்சன் ஜனாதிபதி ஆனார். வெள்ளை மாளிகையில் பியர்ஸ் ஆரோ கார்கள். மாலையானால் காரில் சுற்றுவதுதான் அவருக்குப் பெரிய ஆறுதல். 1921-ல் பதவி முடிந்தபோது, பிடித்துப்போன அந்த 1919 மாடல் பியர்ஸ் ஆரோவை நண்பர்கள் காசு போட்டு வாங்கி அவருக்கே கொடுத்தார்கள். இப்போதும் வர்ஜீனியாவில் அவர் பிறந்த ஸ்டான்டன் ஊரில் இருக்கிறது.

தேன்மொழி:

பியர்ஸ் ஆரோ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் வைப்பதுதான் வசதி, மாடல் டி வந்தபோதே ஃபோர்டு அப்படித்தான் செய்தது. பியர்ஸ் ஆரோ மட்டும் 1920 வரை வலப்பக்க ஸ்டியரிங்கை விடவில்லை, வில்சனுடைய காரும் அப்படித்தான். டிரைவர் நேரே நடைபாதையில் இறங்கி, ஓரடி பின்னால் போய் முதலாளிக்குக் கதவைத் திறந்துவிடலாம். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் வண்டியைச் சுற்றி வர வேண்டும், அதுவரை முதலாளி உள்ளேயே காத்திருக்க வேண்டும்.

கரூர்க்காரன்:

அந்த டிரைவர் இருக்கைக்காவது கூரை போட்டார்களா அக்கா?

தேன்மொழி:

வில்சன் காரில் மேலே கூரை இருந்தது. பக்கத்துக்குக் கண்ணாடி கிடையாது.